இருபத்துச் சொச்சம் பவுண்ட் காற்று

எங்கள் வீட்டுக் காரின் கதவை ஒட்டிய தூணில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தகடு இருந்தது. முன் டயருக்கு எத்தனை பவுண்ட் காற்று, பின் டயருக்கு எத்தனை பவுண்ட் காற்று என்று காரைச் செய்தவர்கள் அதில் பொறித்து அனுப்பியிருந்தார்களாம். நான் எங்கள் ஊரான கம்பத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தபோது அதில் ஒரு '2' மட்டும்தான் மிச்சம். மற்றதெல்லாம் என் மாமியார் தேய்த்த தேய்ப்பில் போயே போய்விட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் வீட்டிலுள்ள பித்தளை அத்தனையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக வேண்டும். வெற்றிலைத் தட்டு, படிக்கம், கை கழுவும் கிண்டி, அந்த வரிசையில் காரின் தகடும்.

"பித்தளைன்னா பித்தளைதானே மோளே? அது கதவுல இருந்தா என்ன, அடுக்களைல இருந்தா என்ன?" என்பார் மாமி.

மிச்சமிருந்த அந்த '2' முன் டயருடையதா பின் டயருடையதா என்பது தெரியாது. அதற்குப் பக்கத்தில் நின்றிருந்த எண் நாலா, ஆறா, எட்டா என்பதும் தெரியாது. இருபத்துச் சொச்சம். அவ்வளவுதான் எங்கள் குடும்பத்தின் மொத்த அறிவும். எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் பூராவும் அந்தச் சொச்சத்தைத் தேடியே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மண்டை குழம்பியது.

கார் யுத்தத்துக்கு முந்தைய இங்கிலீஷ் வண்டி. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து என் மாமனார் வாங்கியது. அவர் காலமான பிறகு என் வீட்டுக்காரர் ஓட்டினார். பின் சீட்டு ஜன்னல்களுக்குப் பச்சைத் துணியில் திரை போட்டிருக்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் பின்னால்தான் உட்கார வேண்டும். முன்னால் ஓட்டுகிறவர், அவர் பக்கத்தில் ஆம்பிளை யாராவது, ஆம்பிளை கிடைக்காவிட்டால் ஒரு மிளகு மூட்டை. மூட்டைக்குக் கிடைத்த இடம் எங்களுக்குக் கிடையாது. அப்போது அதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. திரைக்குள் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டே போகலாம், ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் மிளகுக்கும் சுக்குக்கும் தரகர். விற்கிறவர் ஒன்று சொல்வார், வாங்குகிறவர் ஒன்று சொல்வார், இவர் நடுவில் ஒன்று சொல்வார். பஜாரில் பழைய ஆட்கள் அப்போதும் துண்டுக்கு அடியில்தான் பேரம் பேசினார்கள். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொள்வார்கள். அடுத்தவர் கை அதற்குள் வரும். எந்த விரலை எத்தனை விரலை அழுத்துகிறார் என்பதுதான் விலை. சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒரு மண்ணும் விளங்காது. முடிந்ததும் இவர் "ஒறப்பிச்சு" என்பார். பேச்சு முடிந்தது, இனி மாற்றமில்லை என்று அர்த்தம்.

வெளியில் செய்கிறதை வெளியோடு விட்டால் பரவாயில்லை. வீட்டுக்குள்ளும் எல்லாவற்றுக்கும் நடுதான். மீன் குழம்புக்குக் குடம்புளி தூக்கலாக வேண்டும் என்பார் மாமி, கம்பத்துக்காரியான எனக்கு அதைக் கண்டாலே பல் கூசும். இவர் வந்து நடுவில் ஒன்று சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்குக் குழம்பை நானும் தின்ன மாட்டேன், மாமியும் தின்ன மாட்டார். இவர் மட்டும் திருப்தியாகச் சாப்பிட்டுக் கையைக் கழுவுவார்.

முதல் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

கல்யாணமான மறு வருஷம். எனக்கு ஐந்தாம் மாதம். ஆலுவாயில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் என் வீட்டுக்காரர் காருக்குப் புது டயர் மாட்டியிருந்தார். பழைய அளவு டயர் ஊரில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, வேன் டயரை எப்படியோ நுழைத்துவிட்டார்கள். கெட்டி ரப்பர். காற்றைக் கல் மாதிரி ஏற்றினால்தான் வண்டி லேசாக ஓடும் என்று யாரோ சொல்ல, இவரும் நிறையப் போடச் சொன்னார். வழியெல்லாம் மழைக்காலத்துக் குழி. ஒவ்வொரு குழிக்கும் நானும் மாமியும் பின் சீட்டில் எம்பி எம்பி விழுந்தோம். நான் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வர அப்படிச் சிரித்தேன். மறுநாள் மத்தியானம் வயிறு வலித்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பையன்.

மாமி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "அந்த வண்டி, பாழாப்போன அந்த வண்டி" என்றார். வாசல்படியில் மகன் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவர் எடுக்கவில்லை, மாமி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வண்டிதான் காரணம் என்று நான் நினைத்தேனா? நினைத்தேன். இல்லை என்றும் நினைத்தேன். என் பெரியம்மா நிறைமாசத்தில் மாட்டுவண்டியில் கூடலூர் போய் வந்தவள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பேன். உடனே, மாட்டுவண்டிக்குக் காற்றடைத்த டயரா என்று இன்னொரு பக்கம் தோன்றும். இப்படியே போகும், ஒரு முடிவுக்கும் வராது.

அதற்கப்புறம் வெகுநாள் கழித்து மறுபடி உண்டானேன். எர்ணாகுளத்தில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். மாதா மாதம் வந்து போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். எப்படிப் போவது? படகு என்றதுமே மாமி காதைப் பொத்திக்கொண்டார். படகு ஜெட்டியில் வந்து டம்மென்று இடிக்கும், ஒரு காலைத் தூக்கித் தாண்டி இறங்க வேண்டும். பஸ்ஸில் நிற்கவே இடம் இருக்காது. ஆட்டோவில் போனால் ஆளே கழன்று வரும். மிச்சமிருந்தது அந்தக் கார்தான்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாயா குடித்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இந்தத் தடவை சரியான காத்து எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கிளாஸைப் பார்த்துச் சொன்னார்.

தோப்பும்படி பெட்ரோல் பம்பில் காற்றடிக்கிறவரிடம் முதலில் கேட்டார். நான் பின் சீட்டில் திரைக்குள் இருந்தேன்.

"முப்பத்தஞ்சு, சேட்டா. டயர் வேன் டயரல்லே? அதுக்கு முப்பத்தஞ்சு வேணும். குறைஞ்சா டயர் சூடாகி வெடிக்கும்."

வெடிக்கும் என்ற வார்த்தை திரையைத் தாண்டி வந்து என் வயிற்றில் விழுந்தது. இவர் விட்டாரா? "முப்பதுன்னு வச்சுக்கலாமா?" என்று கேட்டார். அந்த ஆள் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "சேட்டா, இது கச்சவடமல்ல" என்றார். பேரம் பேச இது வியாபாரமில்லை என்று அர்த்தம்.

அங்கிருந்து சுள்ளிக்கல்லில் ஒரு ஒர்க்ஷாப். அங்கிருந்த மேஸ்திரி முப்பத்தைந்து என்று கேட்டதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்டெ கர்த்தாவே! வண்டி பழசு, இரும்பு பழசு. முப்பத்தஞ்சு அடிச்சா ஒவ்வொரு நட்டும் தெறிச்சுப் போகும். டயர் கெட்டியாச்சே, அதனால காத்து குறைக்கணும். இருபத்திரண்டு போதும்."

டயர் கெட்டி, அதனால் காற்று அதிகம் வேண்டும் என்கிறார் ஒருவர். டயர் கெட்டி, அதனால் காற்று குறைவாக வேண்டும் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவர்களாகவும் தெரியவில்லை. நான் யாரை நம்புவது?

யூதர் தெருவான ஜூ டவுனில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஒருவர் ரொம்ப நாளாக அந்தக் காரின் மேல் கண்ணாக இருந்தார். இவர் அவரிடமும் போய்க் கேட்டார். "ஓட்டவே ஓட்டாதீங்க பாய். நாலு பக்கமும் செங்கல் அடுக்கி மேல ஏத்தி வைங்க. காத்தே வேண்டாம்" என்றாராம் அவர். அதையும் சேர்த்துக் கணக்குப் போடலாமா என்று என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார், சத்தியமாகச் சொல்கிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இவர் முகம் தெளிந்திருந்தது. "முப்பத்தஞ்சுக்கும் இருபத்திரண்டுக்கும் நடு எவ்ளோ?" என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். "இருபத்தெட்டரை. தகட்டுல இருக்கற ரெண்டும் ஒத்து வருது பாரு. இருபத்துச் சொச்சம்! ஒறப்பிச்சு."

"ஏங்க, ஒருத்தர் கிழக்கே போங்கறாரு, ஒருத்தர் மேற்கே போங்கறாரு. நீங்க வடக்கே போறேங்கறீங்களே!" என்றேன். அவர் சிரித்தார், ஆனால் இருபத்தெட்டரையை விடவில்லை.

விடிந்ததும் அடுத்த சிக்கல். கப்பல் சாமான் விற்கிற ஒருவரிடம் காற்றை அளக்கச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வந்திருந்தார், பேனா மாதிரி சட்டைப் பையில் செருகிக்கொள்கிற சாமான். அதில் பார்த்தால் இருபத்தெட்டரை. பெட்ரோல் பம்பு கேஜில் பார்த்தால் முப்பத்திரண்டு. எது சரி? காலையில் வண்டி எடுக்கும் முன்னால் பார்க்க வேண்டும், ஓடி வந்த டயர் சூடாகி எண்ணைக் கூட்டிக் காட்டும் என்றார் பம்புக்காரர். ஓடி வந்த பிறகு பார்ப்பதுதான் நிஜமான காற்று, குடும்பம் உட்கார்ந்து போவது ஓடுகிற வண்டியில்தானே என்றார் மேஸ்திரி. இவர் என்ன செய்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு கேஜுக்கும் ஒரு நடு எடுத்தார். காலைக்கும் மத்தியானத்துக்கும் ஒரு நடு எடுத்தார். கடைசியில் டயருக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது படைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும் என்ற நிலைமை.

ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் என்னை வைத்து ஓட்டிப் பார்க்க முடியாது, என்னைக் குலுக்கக் கூடாது. அதனால் பின் சீட்டில் என் இடத்தில் மாமியை உட்கார வைத்துப் பள்ளுருத்தி வரைக்கும் போய் வந்தார். திரும்பி வந்ததும் வாசலிலேயே கேட்டார்.

"எப்படிம்மா இருந்துச்சு? குலுங்குச்சா?"

"எனக்கென்ன தெரியும்? நான் கண்ணை மூடித் தஸ்பீஹ் மணி உருட்டி ஓதிட்டிருந்தேன்."

"கொஞ்சமாவது தெரிஞ்சிருக்குமேம்மா!"

"குலுங்குச்சு. குலுங்கலை. போடா அங்கிட்டு, எனக்கு இடுப்பு வலிக்குது."

மாமி தன் பங்குக்கு ஒன்று செய்தார். வண்டி எடுக்கிற நாள் காலையில் தலையில் முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு டயரின் முன்னாலும் மெதுவாகக் குனிந்து, ஓதி ஊதுவார். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ஊதுவதைப் போலத்தான். எங்கள் சந்தில் சுமைவண்டி தள்ளுகிறவர்கள்கூட அவர் முடிக்கும் வரை நின்று போவார்கள். எனக்குச் சிரிப்பு வரும், அழுகையும் வரும். இந்த இரண்டில் எதற்கு வாயைத் திறப்பது என்று தெரியாமல் திரைக்குள் உட்கார்ந்திருப்பேன்.

எர்ணாகுளம் போகிற பாதை இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுள்ளிக்கல்லில் குழி. தோப்பும்படி வந்தால் பாலம் ஏறுகிற இடத்தில் ஒரு தூக்கு. பாலத்தின் மேல் வண்டி இடமும் வலமுமாக ஆடும். ஒவ்வொரு குழிக்கும் முன்னாலிருந்து குரல் வரும்.

"குலுங்குதா?"

ஆமாம் என்றால் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கி, பின் டயரில் புஸ்ஸென்று கொஞ்சம் காற்றை விடுவார். இல்லை என்றால் நம்ப மாட்டார். "சும்மா சொல்லாதே" என்பார். பேசாமல் இருந்தால், "ஏன் பேச மாட்டேங்கறே? வலிக்குதா?" என்று பதறிப் போய் நிறுத்திவிடுவார். ஒரு தடவை நட்ட நடுப் பாலத்தில் நிறுத்திவிட்டார். பின்னால் லாரிகளின் ஹாரன் காதைக் கிழிக்கிறது. ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கேட்க முடியாத வார்த்தைகளைச் சொல்கிறார். இவர் அதெல்லாம் காதில் விழாதவராகக் குந்தி உட்கார்ந்து கேஜை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் திரையை விலக்கித் தலையை வெளியே நீட்டினேன்.

"எனக்கு ஒண்ணும் குலுங்கலை! நீங்கதான் குலுங்குறீங்க! வண்டியை எடுங்க முதல்ல!"

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. டயரின் வாயில் அவர் வைத்த கேஜ் இரண்டு மூன்று தடவை நழுவியது.

ஐந்தாம் மாதம் வந்தது. அந்த மாதத்தின் பெயரைக்கூட வீட்டில் யாரும் சொல்லவில்லை. மாமி என்னைக் கிணற்றடிக்கே விடவில்லை. இவர் தினமும் விடியற்காலையில் எழுந்து கால் பம்பை எடுத்துக்கொண்டு வண்டியடிக்குப் போய்விடுவார். கொஞ்சம் ஏற்றுவார், கொஞ்சம் இறக்குவார். பம்பின் கீச்சுச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு விழிப்பு வரும். அந்த மாதம் டாக்டரிடம் போனபோது மாமிக்கு மூட்டு வலி, வரவில்லை. அறைக்குள் நான் மட்டும். மெட்ராஸில் படித்தவர் அந்த டாக்டர், நல்ல தமிழ் பேசுவார். பரிசோதித்து முடித்து அவர் கை கழுவும்போது எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"டாக்டர், போன தடவை கார்ல ரொம்பக் குலுங்கிப் போனோம். டயர்ல காத்து ஜாஸ்தி. அதனாலதான் போச்சா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. எல்லாரும் நினைக்கிறாங்க."

"கார்ல குலுங்கினதுக்கெல்லாம் குழந்தை போகும்னா, இந்த ஊர் ரோட்டுக்கு ஒரு பிள்ளையும் பொறந்திருக்காது. டயரும் இல்லை, காத்தும் இல்லை. போய் நிம்மதியா இரு."

"அப்ப எதனால போச்சு?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தெரியலைம்மா. சிலது நிக்கறதில்லை. எதனாலன்னு எனக்கும் தெரியலை. உன் மேலயும் தப்பில்லை, யார் மேலயும் தப்பில்லை."

எனக்கு இருந்த சந்தோஷத்தில் படியில் பிடிமானமில்லாமல் இறங்கினேன். ஆஸ்பத்திரி முற்றத்தில் மாமரத்தடியில் கார் நின்றது. இவர் பின் டயரடியில் குந்தி உட்கார்ந்திருந்தார், வழக்கம்போல. நான் ஓடாத குறையாகப் போய்ச் சொன்னேன்.

"ஏங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். போன தடவை போனது வண்டியால இல்லையாம். டயருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம். உங்க மேல தப்பே இல்லைங்க!"

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப எதனால?"

"தெரியாதாம்."

எழுந்து நின்றார். கேஜைத் துண்டில் துடைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். வீடு வரைக்கும் ஒரு குழிக்குக்கூட "குலுங்குதா?" என்று கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது பம்புச் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பம்பு ஆணியில் தொங்கியது. பஜாருக்குப் போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். இரண்டு பேர் வீட்டுக்கே வந்து ஒரு சுக்கு விலையைத் தீர்த்துவைக்கக் கேட்டார்கள். இவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்களே பேசிக்குங்க" என்றார். தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. மாமி என்னை அடுக்களைக்குள் இழுத்து, "அவன்கிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டார்.

"நல்ல சேதிதான் சொன்னேன் மாமி!"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனுஷனிடம் உன் மேல் தப்பில்லை என்று சொன்னால் சந்தோஷப்பட வேண்டாமா? இத்தனை மாதம் அந்த டயரைக் கட்டிக்கொண்டு அழுதது போதாதா? எதற்கு இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்க வேண்டும்? ஒன்றுமே விளங்கவில்லை எனக்கு.

ஒரு நாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் செய்யவில்லை. பானெட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அவர் நின்ற அந்த நிலையைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. பயம். அவருக்குப் பயம். டயர்தான் காரணம் என்றால் டயரைப் பார்த்துக்கொள்ளலாம். காரணமே தெரியாது என்றால் எதைப் பார்த்துக்கொள்வது? எந்தப் பக்கம் காவல் நிற்பது? எனக்கும் அதே பயம்தான், ஆனால் எனக்கு உள்ளே அசைவது தெரிகிறது. அவருக்கு வெளியே நின்று பிடித்துக்கொள்ள ஒரு பம்பு மட்டும்தான் இருந்தது. அதையும் அந்தப் பாழும் நல்ல சேதி வாங்கிக்கொண்டுவிட்டது.

முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

"பின்னாடி இடது டயர் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு. பாருங்களேன்."

அவர் டயரைப் பார்த்தார். அது கிண்ணென்று இருந்தது, குருடனுக்கும் தெரியும். என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எவ்ளோ வைக்கட்டும்?" என்றார்.

பம்புக்காரரிடம் கேட்டார், மேஸ்திரியிடம் கேட்டார், செங்கல்லில் ஏற்றச் சொன்னவரிடம்கூடக் கேட்டார். அந்தக் காரில் குலுங்குகிறவள் நான், என்னிடம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டு நீட்டினார். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பஜாரில் எந்தப் பெண்பிள்ளை துண்டுக்குள் கை விட்டாள்? கையை உள்ளே விட்டு, கிடைத்த விரல்களைப் பிடித்து அழுத்தினேன். அவர் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒறப்பிச்சு" என்றார். போய் ஆணியிலிருந்து பம்பை எடுத்து வந்தார்.

அதன் பிறகு மறுபடி தினமும் கீச்சுச் சத்தம், மறுபடி இரண்டு கேஜ், மறுபடி "குலுங்குதா?". நானும் சளைக்காமல் ஒரு நாள் ஆமாம் என்றேன், ஒரு நாள் இல்லை என்றேன். ஆறு, ஏழு, எட்டு என்று மாதங்கள் போயின.

வலி எடுத்தது நல்ல மழை கொட்டுகிற ஒரு காலையில். வாசலுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்து இழுத்தது. மழையில் ஊறிப்போய்ப் பின் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. நான் கைக்குக் கிடைத்த முன் கதவைத் திறந்து, அங்கிருந்த மூட்டையை மழையில் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"மோளே, அது முன் சீட்டு!" என்று மாமி அலறினார்.

"பின்னாடி நீங்க உட்காருங்க மாமி!"

எப்படியோ பின் கதவை உதைத்துத் திறந்து மாமியை ஏற்றினார்கள். வண்டி கிளம்பியது. சுள்ளிக்கல் குழிகள் வந்தன, தண்ணீர் நிறைந்து எது ரோடு எது குழி என்று தெரியாமல். பின்னால் மாமி எம்பி எம்பி விழுந்து "யா அல்லா, யா அல்லா" என்று கத்துவது கேட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தேன்.

"ஏங்க, முன்னாடி குலுங்கவே இல்லையே!"

அவர் என்னைப் பார்த்தார். தலையைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்த்தார். பின் சீட்டு நேராகப் பின் சக்கரத்தின் மேலே இருக்கிறது, அடி பூராவும் அங்கேதான். மிளகு மூட்டை இத்தனை வருஷமாகச் சுகமாக உட்கார்ந்து போன இடத்தில் என்னை உட்கார வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. அந்த வலியிலும் நான் சிரித்துவிட்டேன். ஆலுவாய் போன நாளுக்குப் பிறகு அந்த வண்டியில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பாலம் ஏறும்போது பெரிய வலி வந்தது. அவர் கியரை விட்ட கையைத் துண்டோடு என் பக்கம் நீட்டினார். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்தினேன். அது எத்தனை என்று அவர் கேட்கவில்லை. "ஒறப்பிச்சு, ஒறப்பிச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

மத்தியானத்துக்குள் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி அழுதாள். வெளியே அவர் மழையில் நனைந்துகொண்டு காரின் பக்கத்தில் நின்றிருந்தாராம், கேஜை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்கு டயரில் எவ்வளவு காற்று இருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் இன்று வரை தெரியாது.